சீஸ் கடையில் முதல் பக்கம்

அத்தியாயம் 9

பதினோரு வருடம் பேசாமல் இருந்த ஓர் அண்ணனும் தங்கையும் மறுபடி பேச ஆரம்பித்தது ஒரு கேபிளைப் பற்றித்தான். நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து படிப்பவர்களுக்காக அதை மட்டும் சொல்லிவிட்டு, இன்றைய வியாழக்கிழமைக்கு வந்துவிடுகிறேன்.

தோவேக்கு நாற்பத்தொன்பது வயது. ஸ்வென்போர்க் என்ற கடலோர ஊரின் துறைமுகத் தெருவில் சீஸ் கடை வைத்திருக்கும் ஹோல்கெரின் மனைவி. இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவளை, ஜனவரியில் ஒரு பூங்கொத்தும் ஒரு கைகுலுக்கலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்து நான்கு நாளில் வாடியது. ஐந்தாம் நாள் அவள் 'ஸ்கார்வ்' என்ற திட்டத்தின் வாசலில் போய் நின்றாள்.

ஸ்கார்வ் ஒரு பொதுப் பேரேடு. தீவுகளில் காற்றாலை வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், யார் எவ்வளவு மின்சாரம் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று ஒன்றாக எழுதிவைப்பதற்காகச் சிலர் சம்பளம் வாங்காமல் செய்கிற பிளாக்செயின். முதலாளி கிடையாது. நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கும். யாரும் படிக்கலாம், யாரும் குறை சொல்லலாம், யாரும் திருத்தியும் அனுப்பலாம். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்துப் போடுகிறவர்கள் முன்கூட்டியே பணயம் வைத்திருக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டால் கூலி. தில்லுமுல்லு செய்தால் பணயம் எரியும். ஹோல்கெருக்கு இதை விளக்க தோவேக்கு அரை நிமிடம் ஆயிற்று. சந்தையில் வளர்ந்தவனுக்குப் பணயத்தைப் பற்றிப் பாடமா எடுக்க வேண்டும்?

'தொடங்குவது எப்படி' என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். ஏழு படிகள். தோவே மூன்றாம் படியில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய இயந்திரத்துக்கு மற்ற இயந்திரங்கள் கண்ணில் படவே இல்லை. திட்டக்காரர்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் இணையப் பொது அறையில் கேட்டாள். நான்கே நிமிடத்தில் முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: 'முதலில் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகு. அப்புறம் வெட்கப்படாமல் திரும்பக் கேள்.'

உலகத்தில் இப்படிச் சொல்கிற ஆள் ஒருவன்தான். அவள் அண்ணன் ஐனர். ஐம்பத்திரண்டு வயது, மனைவியைப் பிரிந்து வடக்கே ஆல்போர்கில் தனியாக இருப்பவன்.

அப்பாவின் அடக்கத்துக்கு ஐனர் வரவில்லை. ஆஸ்லோவில் அன்றைக்கு ஏதோ மென்பொருள் வெளியீடு. மலர்வளையம் மட்டும் வந்தது. அந்த வளையம் மற்ற எல்லா வளையத்தையும்விட அழகாக வேறு இருந்தது. தோவேக்கு அதுதான் இன்றுவரை ஆத்திரம்.

கேபிளுக்குப் பிறகு மூன்று மாதம் இருவரும் தினமும் எழுதிக்கொண்டார்கள். பதிப்பு எண், கோப்பு, கடவுச்சொல். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐனர் நேரிலேயே வந்தான். கையெழுத்துச் சாவியை அவளுடைய சமையலறை மேஜையில் வைத்து இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அவன் பன்றி வறுவல் சாப்பிட்டான், நன்றி சொன்னான், ஐந்தரை ரயிலுக்குப் போய்விட்டான். கடைசி வரை விருந்தாளி மாதிரியே நடந்துகொண்டான்.

இன்று மாலை நான்கு மணிக்கு ஸ்கார்வின் முதல் பக்கம் எழுதப்பட வேண்டும்.

*

காலை ஒன்பதுக்கே தோவே கடையின் நிலவறையில் இருந்தாள். இயந்திரத்தை அங்கேதான் வைத்திருந்தாள். வருடம் முழுக்கப் பன்னிரண்டு டிகிரி. சீஸுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது. சின்னப் பெட்டிதான், ஒரு முழு ஹவார்தி சீஸைவிடச் சிறியது. அதன் மேல் பச்சை ஊசிமுனை விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வாடகை கொடுக்காம இருக்கிற ஒரே குடித்தனம் இதுதான்," என்று படியில் நின்று சொன்னான் ஹோல்கெர். ஐம்பத்தைந்து வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய ஏப்ரன். "மத்ததெல்லாம் இங்க படுத்துக் கிடந்தா வயசாக வயசாக விலை ஏறும். இது?"

"இதுக்கு வயசானா தூக்கிப் போட வேண்டியதுதான்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"உன்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், ஹோல்கெர். நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

அவன் நகரவில்லை. "அவன் இன்னிக்கு என்ன பண்ணுவான்?"

"யாரு?"

"உங்க அண்ணன். யாருன்னு கேக்கிறா பாரு."

"ஆல்போர்க்ல உக்காந்திருப்பான். என் மெஷின் நாலு மணிக்கு வரலைன்னா அவன் மெஷினை ஏத்தி ஓட விடணும். அதான் பேச்சு. போன்கூட வேண்டாம்னு சொல்லிட்டோம். நாலுக்கு முன்னாடி என் பொறுப்பு, நாலு அடிச்சப்புறம் அவன் பொறுப்பு."

"ஏன், ரெண்டும் ஓடட்டுமே? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு."

"அதை மட்டும் செய்யவே கூடாது," என்றாள் தோவே.

அதை அவள் பதினொரு மணிக்கு கெர்த்ரூத்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கெர்த்ரூத் எதிர்த் தீவின் காற்றாலைச் சங்கத் தலைவி. எழுபது வயது, மஞ்சள் மழைக்கோட்டு, மடியில் ஒரு கிரிங்கிள் கேக். நூற்றுத்தொண்ணூறு குடும்பங்கள் அவள் சொல் கேட்டுத்தான் தோவேயின் பெயரில் பணயம் வைத்திருந்தன. மொத்தப் பணயத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு. காலைப் படகிலேயே வந்து கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியைப் பிடித்துவிட்டாள்.

"எங்க தெரு ஜனங்க மதியச் சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுட்டு போனைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க," என்றாள். "நீ இன்னிக்கு வரலைன்னா என்ன ஆகும்? நேராச் சொல்லு. மழுப்பாதே."

"வரலைன்னா பெரிசா ஒண்ணும் இல்ல. சின்ன அபராதம். பத்து நிமிஷம் மூலையில நிக்க வைப்பாங்க. அப்புறம் நாமளே கையைத் தூக்கி, வந்துட்டேன்னு சொன்னா சேத்துப்பாங்க."

"அவ்வளவுதானா? அப்ப எதுக்கு நேத்துலேர்ந்து நகத்தைக் கடிக்கிற?"

"ஒரே சாவியால ரெண்டு மெஷின் கையெழுத்துப் போட்டுடக் கூடாது. நானும் போட்டு, அதே பக்கத்துக்கு ஐனரும் போட்டுட்டான்னா திருட்டுன்னு முடிவு பண்ணிடும். நாங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு விசாரிக்கிறதுக்கு அங்க ஆள் கிடையாது. உங்க பணயத்துல ஒரு பங்கு எரிஞ்சுடும். எங்க பேரு காலத்துக்கும் போயிடும். மறுபடி மன்னிப்பே கிடையாது."

கெர்த்ரூத் கேக்கை வெட்டிக்கொண்டே யோசித்தாள். "ஆக, வராதவனை மன்னிச்சிடுவாங்க. நல்ல இடமாத்தான் இருக்கு. நம்ம வீடுங்க இவ்வளவு தாராளம் இல்ல."

தோவே யாரும் கேட்காத சீஸ் துண்டு ஒன்றைத் தராசில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

*

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்களின் பட்டியலில் அண்ணன் தங்கை இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர், 'சால்ட்வன்'. உப்புத் தண்ணீர் என்று அர்த்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, கிறிஸ்துமஸ் வாரம். ஜட்லாந்தில் ஒரு சின்ன ஊரின் விளையாட்டரங்கம். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், தாங்கள் செய்த படத்தையும் இசையையும் போட்டியில் காட்டுவதற்காகத் தங்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தோவேக்குப் பதினைந்து, ஐனருக்குப் பதினெட்டு. வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதனால் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர். படகு எஞ்சின் மெக்கானிக்கான அப்பா அந்தக் கனத்த திரையை விருந்தாளிகளுக்கான இறகு மெத்தையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோவது மாதிரி காரின் பின்சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இரண்டு ராத்திரி காரிலேயே படுத்திருந்தார். "இங்க காத்து நல்லா இருக்கு," என்று காரணம் சொன்னார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி.

உள்ளே ஈரக் காலுறையும் ஆரஞ்சு சோடாவும் கலந்த வாசனை. மேஜைக்கடியில் தூக்கம். டிஸ்கெட்டைக் கேட்டவருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். காசு கேட்டால் அசிங்கம். யாருக்கும் யாருடைய நிஜப் பெயரும் தெரியாது, கேட்பதும் இல்லை. தான் செய்ததைப் பெரிய திரையில் போடும்போது கீழே எழுத்துகள் ஓடும். அதில் மற்ற ஊர்க் கூட்டத்தாருக்கு வணக்கம் சொல்வது மரியாதை. ஒருவரை விட்டுவிட்டால் ஒரு வருடத்துப் பகை. ஐனரும் தோவேயும் செய்தது மூன்று நிமிடக் கடல்: அலை, இசை, ஓரத்தில் ஒரு படகு. பதினேழாவது இடம் கிடைத்தது. ஆனால் படகு வந்தபோது அரங்கமே 'ஊ' என்றது. அந்த 'ஊ'வை இன்றைக்கு நினைத்தாலும் தோவேக்கு முழங்கைக்கு மேல் மயிர் நிற்கும். இருபத்திரண்டு வருடக் காப்பீட்டு வேலையில் யாரும் அவளைப் பார்த்து 'ஊ' என்றதில்லை.

ஸ்கார்வின் தொடக்கப் பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். அதில் ஏழு, அந்த அரங்கத்தில் கேட்ட பெயர்கள். ஆட்களுக்கு முடி கொட்டிவிட்டது, பேரப்பிள்ளை பிறந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே. நேற்று பொது அறையில் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் கேட்டார்: 'சால்ட்வன்? அந்தப் படகா?' தோவே 'ஆமாம்' என்று எழுதினாள். 'என் தூக்கப் பையில் ஆரஞ்சு சோடா கொட்டியது நீங்கள்தானா?' தோவே 'அது என் அண்ணன்' என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி எழுதிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

*

மூன்று முப்பத்தைந்துக்குத் தெருவில் 'மடார்' என்று ஒரு சத்தம்.

சுடுநீர்க் குழாய் பதிப்பதற்காக ஒரு வாரமாகத் தெருவைக் கிளறிக்கொண்டிருந்த மண்வாரி இயந்திரம், குழாயைத் தவிர மற்றதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டி வந்தது. இன்று இணையக் கம்பியைக் கண்டுபிடித்தது.

நிலவறையில் ஊசிமுனை விளக்கு சிவப்பானது. "ஹோல்கெர்!" என்று தோவே கத்தியது மேலே வாங்கிக்கொண்டிருந்தவர்களைக் கல்லாவிலிருந்து ஓரடி பின்னுக்குத் தள்ளியது.

ஹோல்கெர் வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ஓட்டுறவன் பள்ளத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு நிக்கிறான். மூஞ்சியைப் பாத்தா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சரியாகாது."

"போன்ல இருக்கிற இணையத்தை வெச்சு ஓட்டலாம். ஆனா இங்க சிக்னல் இல்ல. மேல தூக்கணும்."

"பெட்டியையா?"

"பெட்டி, பேட்டரிப் பொதி, திரை, எல்லாம். வா."

ஹோல்கெர் பொதியைத் தூக்கினான். கெர்த்ரூத் எழுபது வயதில் திரையைத் தூக்கினாள், யார் தடுத்தும் கேட்கவில்லை. பதினான்கு படி. கல்லாவின் மேல் தான்போ சீஸையும் நீலச் சீஸையும் ஓரந்தள்ளிவிட்டு இடம் பண்ணினார்கள். கம்பிகளை எல்லாம் தோவே பிடுங்கி மறுபடி சொருகினாள். ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி பெட்டியைச் சுட்டிக்காட்டி, கிலோ என்ன விலை என்று கேட்டார். "அது இன்னும் பழுக்கல," என்று ஹோல்கெர் அவருக்கு ஹவார்தியைக் கட்டிக்கொடுத்தான். கட்டிக் கொடுத்த கையோடு, "கம்பி என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வரேன்," என்று மறுபடி வெளியே போனான். கம்பி என்ன ஆனது என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்று தோவேக்கு அப்போது தோன்றவில்லை.

பெட்டி கிளம்பித் தயாரானபோது மணி நான்கு ஏழு.

ஏழு நிமிடம் தாமதம். நான்கு அடித்துவிட்டது. பேச்சுப்படி இப்போது பொறுப்பு ஐனருடையது.

தோவே போனில் ஸ்கார்வின் பொதுப் பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். இயந்திரம் வந்து சேர்ந்துவிட்டால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல். அடியில், வந்து சேர்ந்த பணயம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. நூற்றுக்கு அறுபத்தேழு சேர்ந்தால்தான் முதல் பக்கம் எழுதப்படும். அதுவரை எல்லோரும் சும்மா நிற்க வேண்டும்.

அறுபத்துமூன்றில் நின்றது. சால்ட்வன் சாம்பல்.

"உன் அண்ணன் ஏத்தலையா?" என்றாள் கெர்த்ரூத்.

"ஏத்திடுவான்."

நான்கு ஒன்பது. அறுபத்துமூன்று.

பொது அறையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. ஃபின்லாந்துக்காரர்: 'சால்ட்வன், எங்கே?' இன்னொருவர்: 'நீங்கள் வந்தால் கிளம்பிவிடலாம்.' இன்னொருவர்: 'படகு கவிழ்ந்துவிட்டதா?'

ஐனருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை, அந்தப் பதிவுக் குரல் பேசுவதற்கு முன்பே துண்டித்தாள். அப்பாவின் அடக்கத்தன்றும் இதே மாதிரிதான். தேவாலய வாசலில் நின்று மூன்று தடவை போட்டாள். உள்ளே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இதோ இருக்கே உன் மெஷின்," என்றாள் கெர்த்ரூத். "தயாரா இருக்கில்ல? அழுத்து."

"முடியாது."

"ஏன்?"

"நான் அழுத்துற அதே நிமிஷம் அவனும் அழுத்திட்டான்னா?"

"அவன்தான் போனையே எடுக்கலையே!"

"போன் வேண்டாம்னு நாங்கதான் பேசிக்கிட்டோம். நாலுக்கு அப்புறம் அவன்தான்."

"தோவே," என்று கெர்த்ரூத் முக்காலியிலிருந்து இறங்கினாள். பேரம் பேசும்போது நின்றுகொண்டு பேசுகிறவள் அவள். "நூத்தித்தொண்ணூறு வீடு போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கு. நான் உனக்காகக் கூட்டத்துல எழுந்து பேசினேன். எங்க மீன்காரன் ஒருத்தன், அவளுக்கு வேலையே போயிடுச்சாமே, அவகிட்டப் போயா வைக்கிறேன்னு கேட்டான். அவன் வாயை அடைச்சது நான். உன் அண்ணன் வரலைன்னா நீ வா. உன் கையிலதானே இருக்கு?"

தோவேயின் விரல் பெட்டியின் பெரிய பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அழுத்தினால் ஐந்து பங்கு சேரும், அறுபத்தெட்டாகும், முதல் பக்கம் எழுதப்படும், அதில் அவள் போட்ட கையெழுத்து என்றைக்கும் நிற்கும். ஒரே ஒரு விஷயத்தை நம்பினால் போதும்: அண்ணன் வரமாட்டான் என்பதை. பதினோரு வருடமாக அதை நம்பித்தானே வாழ்கிறாள்? பழகிப்போன நம்பிக்கை, சிரமமே இல்லை.

கடையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சீஸ் வாங்க வந்தவர்கள், மண்வாரி ஓட்டுகிறவன் உட்பட. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தான். யாருக்கும் அவகாசம் இல்லை.

நான்கு பதினாறு. அறுபத்துமூன்று.

தோவே விரலை எடுத்தாள். எடுத்த கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அவன் வருவான்," என்றாள்.

கெர்த்ரூத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதை வெச்சுச் சொல்ற?"

"எதையும் வெச்சு இல்ல."

கெர்த்ரூத் மறுபடி முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "இப்படி யாவாரம் பண்ணினா ஒரு வாரத்துல கடையை மூட வேண்டியதுதான்," என்றாள். ஆனால் குரல் சற்றுத் தணிந்திருந்தது.

நான்கு பத்தொன்பதுக்குச் சால்ட்வன் பச்சையானது.

ஒரு வினாடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கணக்கு அறுபத்தெட்டுக்குத் தாவியது, போன் திரையில் 'பக்கம் 1' என்று வந்தது, நாற்பத்தொன்றில் முப்பது பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் கீழே கையெழுத்தாக விழுந்தன. ஒன்பதாவது பெயர் சால்ட்வன். பொது அறையில் ஃபின்லாந்துக்காரர் எழுதினார்: 'ஊஊஊ.' அவர் மட்டும் இல்லை. ஒருவர் விடாமல் அதையே எழுதினார்கள். ஸ்பெயினிலிருந்து இளவட்டம் ஒன்று, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

கடையில் கைதட்டினார்கள். மண்வாரிக்காரன்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினான். தோவே ஏப்ரன் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீலச் சீஸ் வாசனை கண்ணில் ஏறி இன்னும் கொஞ்சம் நீர் வந்தது, அது சௌகரியமாகப் போயிற்று. தன் பெட்டியின் மின்சாரத்தைத் தானே பிடுங்கிக் கல்லாவுக்கடியில் போட்டாள். பக்கம் இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றிலும் சால்ட்வன் இருந்தது.

*

நான்கு நாற்பத்தைந்துக்குக் கடைக் கதவின் மணி அடித்தது.

வந்தவன் நெற்றியில் வேர்வை, கோட்டுப் பொத்தான் தப்பாகப் போட்டிருந்தது, மார்போடு ஒரு பையை அணைத்திருந்தான். உயரமான ஆள், வாசலில் குனிந்து வந்து, குனிந்த மாதிரியே நின்றான்.

"ரிங்கே ஸ்டேஷன் தாண்டினதும் ரயில் நின்னுடுச்சு," என்றான் ஐனர். "தண்டவாளத்துல கன்னுக்குட்டிங்க. பதினோரு கன்னுக்குட்டி. ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு ஓடுது. ரெண்டு மணி நேரம். போன் வேற செத்துப்போச்சு."

தோவே கல்லாவைச் சுற்றி வெளியே வந்தாள். "நீ ஏன் இங்க வந்த?" என்றுதான் வாயில் வந்தது. "ஆல்போர்க்லல்ல இருக்கணும்?"

"இருக்கணும்தான்." அவன் பையின் வாரைத் திருகினான். "காலையில காபி போட்டேன். திடீர்னு தோணுச்சு, இதையும் தூரத்துல உக்காந்தே பாக்கப் போறேனான்னு. அப்பாவுக்குத்தான் வரல. இதுக்காவது உன் பக்கத்துல நிக்கலாம்னு கிளம்பிட்டேன்."

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் சீஸ் பெயர்ப்பலகைகளை மிகுந்த ஈடுபாட்டோடு படிக்க ஆரம்பித்தார்கள்.

"அந்த வளையம்," என்றாள் தோவே, "ரொம்ப அழகா இருந்துச்சு."

"தெரியும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த ஒரு மணி நேரத்துல நான் விமானத்தைப் பிடிச்சிருக்கலாம்."

அவள் அவன் கோட்டின் தப்பான பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். போட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த பொத்தானையும் கழற்றிப் போட்டாள்.

"ரயில்ல எல்லா நேரமும் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன்," என்றான் ஐனர். கல்லாமேல் இருந்த அவள் போன் திரையைப் பார்த்தான், அவன் முகம் மலர்ந்தது. "ஏத்திட்டியே! எனக்குத் தெரியும், நீ ஏத்திடுவேன்னு. அதனாலதான் நான் தொடவே இல்ல. பக்கத்து சீட்டுக்காரி போனைத் தரேன்னா. அதை வெச்சு ஓட்டிப் பாத்திருக்கலாம். வேண்டாம், தோவே பாத்துப்பான்னு விட்டுட்டேன்."

தோவேயின் கை பொத்தானிலேயே நின்றது.

"என்ன சொல்ற?"

"நாலுக்கு அப்புறம் என் பொறுப்புதான். ஆனா நீ விடமாட்டேன்னு தெரியும்."

"ஐனர். நான் ஏத்தல. என் பெட்டி அதோ தரையில கிடக்கு, கம்பி பிடுங்கி. நீதான் ஏத்தினேன்னு நினைச்சேன். உன் வீட்டு மெஷின்..."

"என் வீட்ல எந்த மெஷினும் இல்ல." அவன் பையைத் திறந்து காட்டினான். சின்னப் பெட்டி, கம்பி சுற்றி, ஒரு துண்டில் பொதிந்து, செத்த மாதிரி கிடந்தது. "கையோட எடுத்துட்டு வந்தேன். சாவியும் இதுக்குள்ளதான்."

இருவரும் போன் திரையைப் பார்த்தார்கள். பக்கம் இருநூற்றெண்பத்தைந்து. கையெழுத்து: சால்ட்வன். பக்கம் இருநூற்றெண்பத்தாறு. கையெழுத்து: சால்ட்வன்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றான் ஐனர், மிக மெதுவாக. "தோவே, அந்தச் சாவியை எத்தனை நகல் எடுத்தோம்?"

"ரெண்டு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. எடுத்துட்டுத் துறைமுகத்துக்கு நடக்கப் போனோம். வரும்போது..." அவள் நிறுத்தினாள். "நாம போனப்போ லேப்டாப் மேஜையில திறந்தே இருந்துச்சு."

"வீட்ல யாரு இருந்தா?"

கல்லாவுக்குப் பின்னால் ஹோல்கெர் ஒரு முழு தான்போவை மெல்லிய துண்டுகளாக அறுத்துக்கொண்டிருந்தான். வாங்குவதற்கு அங்கே யாரும் நிற்கவில்லை. ஏற்கெனவே நாற்பது துண்டு அறுத்திருந்தான்.

"ஹோல்கெர்," என்றாள் தோவே.

"சாவி வைக்க வாங்கின பென் டிரைவ் மூணாத்தான் வித்தாங்க," என்றான் ஹோல்கெர், தலை நிமிராமல். "மூணு வாங்கினா ரெண்டோட விலை. மூணாவது சும்மாக் கிடந்துச்சு. போட்டோவை இழுத்துப் போடுற மாதிரிதானே இதுவும்? இழுத்துப் போட்டேன். உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். உங்க சண்டையையும் தெரியும். நாலு மணிக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பீங்கன்னு எனக்கு ஒரு பயம்."

"அதை யாருகிட்ட கொடுத்த?"

"கம்பி அறுந்ததும் வெளிய போய்ப் போன் பண்ணினேன். நாலு இருபது வரைக்கும் சால்ட்வன் பச்சையாகலைன்னா ஏத்திடுன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் முன்னாடியே ஏத்திட்டா." கத்தியைக் கீழே வைத்தான். "நல்ல கைதான். உங்க ரெண்டு பேரைவிடக் கெட்டிக்காரி."

"யாரு, ஹோல்கெர்?"

ஹோல்கெர் மனைவியைப் பார்க்கவில்லை. மார்போடு பையை அணைத்து நின்ற ஐனரைப் பார்த்தான். கெர்த்ரூத்தை முக்காலியிலிருந்து எழுந்திருக்கும்படி கையால் ஜாடை காட்டினான்.

"முதல்ல அவனை உக்காரச் சொல்லு," என்றான்.